ஆறு பக்கம் பாட்டு

மேனேஜர் நந்தகோபால் சாராவைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டு, "சனிக்கிழமை வேலூர் பக்கம் பாகாயம் வரைக்கும் போய்ட்டு வரணும்மா, நீயும் வா" என்று சொன்னார்.

அது 1981, நவம்பர் கடைசி. ஆம்பூரில் அப்துல் வஹீத் சாஹிப்பின் தோல் டேனரியில் சாரா டைப்பிஸ்ட். முப்பதைத் தொட்டுவிட்டாள், கல்யாணம் ஆகவில்லை. ஆபீஸில் பொம்பளை என்று இருந்தவள் அவள் ஒருத்திதான். வெளிநாட்டுக்குப் போகிற கடிதமெல்லாம் அவள் விரலைத் தாண்டித்தான் போகும். ஆனால் ஆபீஸ் காரில் ஏறச் சொல்லி அதுவரை யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை.

எதற்கு என்று கேட்டாள். நந்தகோபால் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். ஜெர்மனியிலிருந்து தோல் வாங்க வருகிற கெல்லர் அடுத்த வாரம் வருகிறார். போன தடவை காரில் போகும்போது, தனக்கு உயிரே பாட்டுதான் என்றும், அதிலும் அமெரிக்காவில் அந்தக் காலத்துப் பெண்கள் பாடிய ஜாஸ் பாட்டு என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்றும் சொன்னாராம். அதனால் கெஸ்ட் ஹவுஸில் புதிதாக ஒரு ரெகார்டு பிளேயர் வாங்கி வைத்தாகிவிட்டது. போடுவதற்கு இசைத்தட்டுதான் இல்லை. பாகாயத்தில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் குடும்பம் ஊரைப் பார்க்கத் திரும்பிப் போகிறது, வீட்டுச் சாமானை விற்கிறார்கள், அதில் இசைத்தட்டும் இருக்கிறது என்று கேள்வி.

"எனக்கு அதுல ஒண்ணும் தெரியாதும்மா. நீ சர்ச்சுல பாடறவ. மொத மொதல்ல வாங்கறோம், நல்லதா பாத்து எடுத்துக் குடு" என்றார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "அவர் வர்ற அன்னிக்கி கெஸ்ட் ஹவுஸ்ல கூட இருந்து தட்டு மாத்திப் போடறதுக்கும் நீ இருந்தா நல்லா இருக்கும்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் சாராவுக்கு இடித்தது. தட்டு மாற்றுவதற்கு ஆள் வேண்டுமென்றால் கெஸ்ட் ஹவுஸ் வாட்ச்மேன் போதாதா? வாணியம்பாடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த பெண்ணின் கதை அவளுக்குத் தெரியும். வெளிநாட்டு ஆளுக்கு ஜூஸ் கொண்டுபோய்க் கொடு என்று அனுப்பினார்கள். அவள் கொடுத்துவிட்டு வந்தது ஜூஸ் மட்டும்தான். ஆனாலும் ஊர் வாய் சும்மா இருக்கவில்லை, நிச்சயமான கல்யாணம் நின்றுபோனது.

வீட்டில் அம்மா ஜெயபுஷ்பத்திடம் சொன்னாள். ஜெயபுஷ்பம் வேலூரில் நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவள். ஆண்களைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் எதுவும் கிடையாது. "பொம்பள பாட்டு, கூட ஒரு பொம்பள. அந்தாளு தோல் வாங்க வர்றானா, இன்னாத்துக்கு வர்றான்?" என்று கேட்டாள். வேலையை விட்டுவிடு என்று சொல்லவில்லை. விட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். "பாகாயத்துக்கு நானும் வர்றேன். அங்க எனக்குத் தெரிஞ்ச சிஸ்டர் ஒருத்தி இருக்கான்னு சொல்லிக்கோ" என்றாள்.

சனிக்கிழமை காலையில் கார் வீட்டு வாசலில் வந்து நின்றதும் ஜெயபுஷ்பம் குடையும் பையுமாகப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நந்தகோபாலின் முகம் மாறுகிறதா என்று சாரா பார்த்தாள். மாறவில்லை. "வாங்கம்மா, தாராளமா வாங்க" என்றார். பள்ளிகொண்டாவில் வண்டியை நிறுத்தி அம்மாவுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். திரும்பும்போது எல்லோருமாகச் சிஸ்டர் வீட்டுக்கும் ஒரு எட்டு போய் வரலாமா என்றுகூடக் கேட்டார்.

சாராவுக்கு அதுதான் இன்னும் பேஜாராக இருந்தது. கெட்ட எண்ணம் உள்ளவன் அம்மாவைக் கூட்டிவந்தால் முகம் சுளிப்பான். இவர் சுளிக்கவில்லையே. அப்படியானால் இவருக்கு என்னதான் வேண்டும்?

பாகாயத்தில் அந்த வீட்டு வராந்தா முழுக்கச் சாமான் பரப்பி வைத்திருந்தார்கள். கொசுவலை, குக்கர், குழந்தைகளின் சைக்கிள், பிரம்பு நாற்காலிகள். எல்லிஸ் என்ற அந்த டாக்டரின் மனைவி நரைத்த தலையும் பருத்திப் புடவையுமாக, சுமாரான தமிழில் பேசினாள். இசைத்தட்டு என்றதும் அவள் முகம் கொஞ்சம் வாடியது. உள்ளே கூட்டிப்போய் ஒரு மரப்பெட்டியைக் காட்டினாள். கப்பலில் அனுப்பினால் வெயிலில் வளைந்துபோகும், அதனால்தான் விற்கிறேன் என்றாள்.

யார் கேட்கப் போகிறார்கள் என்று விசாரித்தாள். சாரா பதில் சொல்வதற்குள் நந்தகோபால், "எங்க கெஸ்ட்டுக்கு" என்றார். ஆனால் அந்த அம்மாள் சாராவைப் பார்த்துத்தான் பேசினாள். இதுவரை கேட்டிருக்கிறாயா என்று கேட்டாள். இல்லை என்றாள் சாரா. அப்படியானால் நீ கேட்பதற்கு என்று நினைத்துத்தான் எடுத்துக் கொடுப்பேன், முதலில் கேட்கிறவர்களுக்குப் பிடித்தால் பழகினவர்களுக்கும் பிடிக்கும் என்று சொல்லி பிளேயரைத் திறந்தாள்.

முதலில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற பாடகி. வார்த்தை ஒவ்வொன்றும் கழுவிவைத்த பாத்திரம் மாதிரி துலக்கமாக வந்தது. இங்கிலீஷ் பாட்டு என்றால் பாதி புரியாது என்று பயந்திருந்த சாராவுக்கு எல்லாம் புரிந்தது. "மொதல்ல இதுதான்" என்றாள் எல்லிஸ் அம்மாள். "இதுலே பயம் போய்டும்." அடுத்தது சாரா வான் என்று இன்னொரு பாடகி. உன் பேர்தான் என்று சொல்லிச் சிரித்தாள். அந்தக் குரல் கீழே இறங்க இறங்க அகலமாகிக்கொண்டே போனது. கோவில் பாட்டுக்குழுவில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ பாடும்போது கீழ் ஸ்வரங்களில் தன் குரல் மெலிந்துபோவதையே பார்த்துப் பழகிய சாராவுக்கு, இப்படியும் ஒரு தொண்டை இருக்குமா என்று தோன்றியது.

மூன்றாவதாக, உறை கிழிந்த ஒரு சின்னத் தட்டை எடுத்து வைத்தாள். பில்லி ஹாலிடே. குரலில் பெரிய விசேஷம் ஒன்றுமில்லை. கொஞ்சம் கரகரப்பு, தாளத்துக்குப் பின்னாலேயே சோம்பலாக நடந்து வருகிற மாதிரி. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும்போது, வாசற்படியில் குடையை ஊன்றி உட்கார்ந்திருந்த ஜெயபுஷ்பம் திரும்பிப் பார்த்தாள். பாடுகிறவள் யாரையும் நம்பவில்லை, ஆனாலும் பாடிக்கொண்டிருக்கிறாள் என்பது போல இருந்தது சாராவுக்கு. இது கட்டாயம் வேண்டும் என்றாள்.

பாட்டு ஆரம்பித்த பிறகு அப்போதுதான் நந்தகோபால் முதல்முறையாக வாயைத் திறந்தார். "இது ஒரு பக்கம் எவ்ளோ நேரம் ஓடும்?"

கொஞ்ச நேரம்தான், சின்னத் தட்டு, பக்கத்துக்கு நாலு பாட்டு என்றாள் எல்லிஸ் அம்மாள்.

"அது வேணாம். இதே ஆளு பாடனது பெரிய தட்டுல இருக்கா?"

இருந்தது. அதை எடுத்தார். மற்ற இரண்டும் பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டார். இருபது நிமிஷத்துக்கு மேலேயே ஓடும் என்றதும் திருப்தியாகத் தலையை ஆட்டினார். "மூணு தட்டு, ஆறு பக்கம். போதும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டது சாராவின் காதில் விழுந்தது. பாட்டு எப்படி இருக்கிறது என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உறையில் இருந்த பெண்களின் படத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வழியெல்லாம் சாராவுக்கு இதே யோசனை. பொம்பளை விஷயம் என்றால் படத்தைப் பார்ப்பான். பாட்டு விஷயம் என்றால் பாட்டைக் கேட்பான். இவர் கேட்டது நேரத்தை மட்டும். அம்மா மெதுவாக, "இந்தாளு உன்ன ஒண்ணும் பண்ண மாட்டான். ஆனா வேற இன்னாவோ பண்றான்" என்றாள்.

அந்த வேற என்னவோ புதன்கிழமை தெரியவந்தது. கெல்லருக்கு அனுப்ப வேண்டிய சரக்கின் விவரத்தை வாங்கிவர சாரா ஃபினிஷிங் செக்ஷனுக்குப் போனாள். சாயத்தின் ஷேடு பார்ப்பவர் அஹமது பாஷா, அங்கே வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு தோலை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் சட்டென்று மடித்தார்.

"இன்னா பாஷா பாய், மறைக்கறீங்க?"

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். இரண்டு வாரமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்ததை யாரிடமாவது சொன்னால் போதும் என்கிற முகம் அது. மடித்ததை மறுபடி விரித்தார். ஒன்று செம்பழுப்பு, இன்னொன்று பச்சை கலந்த பழுப்பு. ஒரே ஆர்டருக்கு இரண்டு டிரம்மில் சாயம் போட்டதில் இரண்டு நிறமாக வந்துவிட்டது. பிறகு இரண்டையும் உள்ளே டியூப் லைட்டுக்குக் கீழே கொண்டுபோய்க் காட்டினார். அங்கே இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்தன.

"மேனேஜர் கிட்ட சொல்லிட்டேன். ரெண்டையும் கலந்து கட்டு கட்டிடுன்னாரு. கெல்லர் பகல்ல பாத்தா புடிச்சிடுவாரேன்னேன். பகல்ல பாக்க மாட்டாரு, நீ பேசாம இருன்னாரு" என்றார். கெல்லர் எப்போதும் சாப்பிட்டு எழுந்த கையோடு தோல் பார்க்க வந்துவிடுகிறவர். இந்தத் தடவை மட்டும் எப்படிச் சாயங்காலம் ஆகும் என்பதுதான் பாஷாவுக்குப் புரியவில்லை. "என் பேர மட்டும் எங்கயும் சொல்லிடாதம்மா" என்று இரண்டு தடவை சொன்னார்.

சாராவுக்குப் புரிந்துவிட்டது. டிசம்பர் மாசம், சீக்கிரம் இருட்டும். மத்தியானச் சாப்பாடு, அப்புறம் ஆறு பக்கம் பாட்டு. அது முடிவதற்குள் வெளிச்சம் போய்விடும். அன்றைக்கு இரவே கெல்லர் மெட்ராஸுக்குப் போய்ச் சேர வேண்டும், அவசரம். டியூப் லைட்டில் நாலு தோலைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

முதலில் வந்தது நிம்மதிதான். தன்னை வைத்து யாரும் எதுவும் செய்யப் போவதில்லை. சீட்டுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு அந்த நிம்மதி கசந்தது. பாகாயத்தில் அந்த வயதான அம்மாள், நீ கேட்பதற்கு என்று நினைத்துத்தான் கொடுக்கிறேன் என்று தேடித்தேடி எடுத்துக் கொடுத்தாளே. அந்தக் குரல்களை இந்த ஆள் வெயிலைக் கரைக்கத்தானே வாங்கியிருக்கிறார். தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள் சாராவே.

முதலாளியிடம் சொல்லலாமா என்று பார்த்தாள். வஹீத் சாஹிப் அதட்டிப் பேசாத மனுஷர். ஆனால் அந்த ரெகார்டு பிளேயர் வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். பாட்டில் ஆசை உள்ளவர் இல்லை. இவருக்கும் தெரிந்துதான் நடக்கிறதா? தெரியாமல் இருந்தால், சொன்னதும் யார் சொன்னது என்று கேட்பார், பாஷா மாட்டுவார். தெரிந்திருந்தால், தன் கதையும் அன்றோடு முடிந்தது. இரண்டு தடவை அவர் அறைக் கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

கெல்லர் பெங்களூரிலிருந்து கார் வைத்துக்கொண்டு மத்தியானம் வந்து சேர்ந்தார். ஒல்லியான, உயரமான ஆள், அறுபது இருக்கும். பிரியாணியை ரசித்துச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டுத் தோலைப் பார்க்கலாமா என்று எழுந்தவரை நந்தகோபால் தோளில் கை வைத்து ஹாலுக்கு அழைத்துப் போனார். அங்கே பிளேயரும் மூன்று தட்டும் இருந்ததைப் பார்த்ததும் அந்த மனுஷன் முகம் குழந்தை முகம் மாதிரி ஆகிவிட்டது. வஹீத் சாஹிப் ஒரு ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

கதவும் ஜன்னலும் திறந்தே இருக்கட்டும் என்று சாரா முன்னாடியே பார்த்து வைத்திருந்தாள். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் தட்டைப் போட்டாள். கெல்லர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். விரல் மட்டும் நாற்காலிக் கையில் தாளம் போட்டது. பக்கம் முடிந்ததும் யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றாள் சாரா. நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறாய், நானும் என் மனைவியும் முதன்முதலில் வாங்கியது இவள் தட்டுத்தான், மனைவி இறந்து மூன்று வருஷமாகிறது என்று இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார். நந்தகோபால், "திருப்பிப் போடும்மா" என்றார்.

திருப்பிப் போட்டாள். பிறகு சாரா வான், ஒரு பக்கம். வெளியே தோல் காயப்போடும் கொட்டகை மேல் வெயில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. நந்தகோபாலின் கண் ஒவ்வொரு பாட்டுக்கும் ஜன்னல் பக்கம் போய் வந்தது. சாரா முதலாளியையும் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லாததாலா, பார்க்கக்கூடாது என்பதாலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கெல்லர் இப்போதும் கண்ணை மூடியிருந்தார். அப்படி ஒருவர் தன்னை மறந்து உட்கார்ந்திருப்பதை அவள் கோவிலில்தான் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாத முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னும் மூன்று பக்கத்தைத் தன்னால் போட முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

பக்கம் முடிந்தது. நந்தகோபால் மறுபடி, "திருப்பிப் போடும்மா" என்றார். சாரா திருப்பவில்லை. முள்ளைத் தூக்கி ஓரத்தில் வைத்து பிளேயரை நிறுத்தினாள்.

"சார், வெளிச்சம் இப்போ நல்லா இருக்கு. தோலைப் பாத்துட்டு வந்து மீதியக் கேக்கலாம்" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

கெல்லர் கண்ணைத் திறந்தார். நந்தகோபால், ஒன்றும் அவசரமில்லை, உள்ளே லைட்டெல்லாம் இருக்கிறது என்று வேகமாகச் சொன்னார். அந்த வேகம்தான் தப்பாகப் போயிற்று. கெல்லர் சாராவைப் பார்த்தார், நந்தகோபாலைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். முகத்திலிருந்த பாட்டு எங்கேயோ போய்விட்டது. எழுந்து கோட்டை எடுத்துக்கொண்டு நேராக வெளியே நடந்தார்.

தோல் கட்டுகளையெல்லாம் வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி, கயிற்றை அறுத்து, வெளிச்சத்தில் விரிக்கச் சொன்னார். விரிக்க விரிக்க இரண்டு நிறமும் தானாகப் பிரிந்தது. அவர் சத்தம் போடவில்லை. நல்லது ஒரு பக்கம், ஆகாதது ஒரு பக்கம் என்று தன் கையாலேயே பிரித்து வைத்தார். மூன்றில் ஒரு பங்கு ஆகாத பக்கம் போயிற்று. அதை இன்னும் அடர்ந்த பழுப்பாகச் சாயம் மாற்றி அடுத்த மாசம் அனுப்புங்கள் என்று வஹீத் சாஹிப்பிடம் சொன்னார். ஆர்டரை ரத்து செய்யவில்லை. மீதிப் பாட்டைக் கேட்கவும் வரவில்லை. காரில் ஏறும்போது சாராவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

மறுநாள் காலையில் முதலாளி அவளைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொல்லவில்லை.

"யாரு சொன்னாங்க உனக்கு?"

"யாரும் சொல்லல சார். பாகாயத்துல மேனேஜர் சார் பாட்டு எப்டின்னு கேக்கல, எவ்ளோ நேரம் ஓடும்னு மட்டும் கேட்டாரு. அதுலதான் சந்தேகம் வந்துச்சி."

வஹீத் சாஹிப் மேஜைக் கண்ணாடியைத் துடைத்தார். "ஜாஸ்தி யோசிக்கற நீ" என்றார். பாராட்டா, எச்சரிக்கையா என்று அந்தக் குரலில் தெரியவில்லை. போகச் சொன்னார்.

நந்தகோபால் தை மாசத்துக்குள் ராணிப்பேட்டையில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். போவதற்கு முன் அவர் செய்த ஒரு காரியம், கெல்லருக்கும் சாராவுக்கும் ஏதோ இருக்கிறது, அதனால்தான் அவள் அவர் பக்கம் பேசினாள் என்று நாலு பேரிடம் சொல்லிவைத்ததுதான். எதற்குப் பயந்து அவள் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாளோ அதே பேச்சு, ஒன்றுமே நடக்காமல், டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. கோவிலில் பாட்டுக்குழுத் தலைவர்கூட ஒருநாள் சுற்றிவளைத்துக் கேட்டார். "தோல்ல ரெண்டு கலர் இருந்துச்சி, அத வெளிச்சத்துல பாக்கச் சொன்னேன்" என்றாள். அவர் நம்பின மாதிரி இல்லை. ஆனால் ஆல்ட்டோவுக்கு வேறு ஆள் கிடைக்காததால் பேசாமல் இருந்துவிட்டார்.

பேச்சு உச்சத்தில் இருந்த நேரத்தில் வஹீத் சாஹிப் அந்த மூன்று தட்டையும் பிளேயரையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு அவள் வீட்டுக்கு அனுப்பினார். இங்கே கேட்கிறதுக்கு யாரும் இல்லை என்று டிரைவர் மூலமாகச் சொல்லியனுப்பினார். ஜெயபுஷ்பம் பெட்டியைத் திறக்காமல் இரண்டு நாள் மூலையில் வைத்திருந்தாள். "இன்னாத்துக்குக் குடுக்கறாரு? வாய மூடிக்கோன்னா, நல்லா செஞ்சேன்னா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா."

"கேட்டுப் பாக்கலாமில்ல?"

"கேட்டா மட்டும் நெசத்த சொல்வாரா?"

ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து வந்து மூன்றாவது தட்டை, கெஸ்ட் ஹவுஸில் யாரும் கேட்காத அந்தத் தட்டைப் போட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். சாத்தட்டுமா என்று சாரா கேட்டாள். வேண்டாம், பாக்கறவங்க பாத்துக்கட்டும் என்று ஜெயபுஷ்பம் கருவாட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். முதல் பாட்டு முடிந்ததும், இந்தப் பொம்பளைக்குச் சளி பிடித்திருக்கிறது போல, ஆனாலும் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள்.

சாரா அந்த டேனரியில் இன்னும் ஐந்து வருஷம் வேலை பார்த்தாள். அதற்குப் பிறகு எந்த நாட்டிலிருந்து யார் வந்தாலும், வஹீத் சாஹிப் அவர்களை முதலில் கொட்டகைக்குக் கூட்டிப்போய் வெளிச்சத்தில் சரக்கைக் காட்டிவிட்டுத்தான் சாப்பிட அழைத்துப் போவார். அன்றைக்குத் தெரியாமல் ஏமாந்த மனுஷர் உஷாராகிவிட்டதாலா, தெரிந்தே செய்தவர் மாட்டிக்கொண்டதாலா என்று அவள் ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் வந்தவர்களுக்குத் தோலை விரித்துக் காட்டிக்கொண்டிருப்பார். ஒரு நாளும் அவள் பக்கம் திரும்பியதில்லை.